கையை எடுங்க டீச்சர்

வத்தேகமவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அழைப்பிதழில் என் மூன்றாம் வகுப்பு டீச்சரின் முழுப் பெயரும் இருக்கிறது. நான் அதைச் சொல்லாமலே பேசிவிட்டுப் போகிறேன். எங்கள் வாயில் அவருக்குப் பெயர் இருந்ததில்லை. மற்ற ஆசிரியைகளைத்தான் பெயரோடு சேர்த்து டீச்சர் என்போம். வெறும் டீச்சர் என்றால் இவர்.

எழுபதுகளின் தொடக்கம். மூன்றாம் வகுப்பு. கதைப் புத்தகம் ஒன்றே ஒன்று, அதுவும் டீச்சர் தன் காசில் வாங்கியது. மேசை விளிம்பில் சாய்ந்து நின்று வாசிப்பார். கதை சூடு பிடிக்கிற இடத்தில் இடது கையை விரித்துப் பக்கத்தின் மேல் வைத்துவிடுவார். "கையை எடுங்க டீச்சர்" என்று முப்பது தொண்டை கத்தும். எடுக்கமாட்டார். "நீங்க சொல்லுங்க" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை குரங்கும் முதலையும் கதை. நாவல் மரத்துக் குரங்கு, தினமும் பழம் போட்டு வளர்ந்த சிநேகம், குரங்கின் ஈரல் வேண்டும் என்று அடம்பிடிக்கிற முதலையின் மனைவி. விருந்துக்கு வா என்று முதலை குரங்கை முதுகில் ஏற்றிக்கொள்கிறது. நடு ஆற்றுக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. டீச்சரின் கை பக்கத்தின் மேல் விழுந்தது. மணியும் அடித்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போகும் இரண்டு மைல் பாதை முழுக்கச் சண்டை. ஒரு மரக்கட்டை மிதந்து வரும், குரங்கு அதன் மேல் தாவிவிடும் என்றேன் நான். என் பக்கத்து வாங்கில் இருக்கிற ஒருவன், அவனுக்கும் இந்த மேடையில் பெயர் வேண்டாம், "முதலை திரும்பிரும்டா" என்றான். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"கொல்லப்போறவன் எதுக்கு நடு ஆத்துல சொல்றான்? சொல்லாமயே முங்கியிருக்கலாம்ல. அதுக்கு மனசு வரல. அதான் சொல்லுது."

எட்டு வயது. எங்கள் புத்தகத்தில் முதலை ஏன் சொன்னது என்பதற்குக் காரணம் எழுதியிருக்கவில்லை. வகுப்பில் இருந்த நாங்கள் யாரும் அப்படி ஒரு காரணம் தேவை என்றே நினைக்கவில்லை. அவன் நினைத்தான். நான் பிறகு ஆசிரியராகி, ஆசிரிய ஆலோசகராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். கதை முடியுமுன், கதையில் இருப்பதைக் கொண்டே அடுத்ததைச் சொல்வது என்று அவன் அன்று செய்த காரியத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பயிற்சிப் பட்டறைகளில் இதற்கு எதிர்வுகூறல் என்று பெயர். வளிமண்டலவியல் திணைக்களம் மழைக்குச் சொல்கிற அதே சொல். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு மனக்குறை. நடக்கப்போவதைக் கூறுவதில்தான் அதன் கனம் முழுவதும் விழுகிறது. எதைக் கொண்டு கூறுகிறோம் என்பதற்கு அதில் இடமில்லை. ஆகவே நான் ஊகம் என்றே சொல்கிறேன். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் உய்த்துணர வைப்பு என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்காமல், படிக்கிறவன் தானே உணர்ந்துகொள்ளும்படி கொஞ்சம் விட்டுவைப்பது. இலக்கண நூல் எழுதும் முறைக்காகச் சொன்னதுதான். கதை எழுதுகிறவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அந்த விட்டுவைத்த இடத்தில்தான் டீச்சர் கையை வைப்பார்.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஊகம் புதிய வித்தை இல்லை. மேல் லயத்தில் தப்புச் சத்தம் கேட்டால் அது சாவுக்கா திருவிழாவுக்கா என்பதை அடியை வைத்தே சொல்லும். நக்கிள்ஸ் மலைப் பக்கம் மேகம் இறங்குகிற விதத்தைப் பார்த்து, கொழுந்து நிறுக்கப் போகிற அம்மா நனைந்து வருவாளா என்று சொல்லும். வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தத்தில் அப்பாவின் மனநிலையைச் சொல்லும். கடைத்தெருப் பிள்ளையும் அப்படித்தான். வாப்பா கல்லாப்பெட்டியை மூடுகிற வேகத்தில் அன்றைய வியாபாரத்தைச் சொல்லிவிடும். இந்தப் பிள்ளைகள்தான் பாடசாலைக்கு வந்து புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டால் நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

முகத்தைப் பார்ப்பதுதான் கோளாறு. முல்லைப்பாட்டில் ஒரு காட்சி வரும். போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய முதிய பெண்கள் நெல்லும் பூவும் தூவி, ஊர்ப்புறத்தில் நற்சொல் கேட்க நிற்கிறார்கள். விரிச்சி கேட்பது என்பார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்கு ஆயர்மகள் ஒருத்தி, உன் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்வது காதில் விழுகிறது. அதைக் கொண்டு தலைவன் வருவான் என்று துணிகிறார்கள். மனசைத் தொடுகிற இடம்தான். ஆனால் மாடு வீடு திரும்புவதற்கும் மன்னன் போர் முடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? நம் வகுப்புகளில் நடக்கிற ஊகத்தில் பெரும்பகுதி இப்படி விரிச்சி கேட்பதுதான். டீச்சரின் புருவம் ஏறுகிறதா, சேரின் குரல் தாழ்கிறதா என்று பார்த்துப் பிள்ளை பதில் சொல்கிறது. இல்லையென்றால் கோடாங்கி மாதிரி வாயில் வந்ததைச் சொல்கிறது. கோடாங்கியிடம் யாரும் "எதைக் கொண்டு சொல்றீங்க?" என்று கேட்பதில்லை.

நானும் விரிச்சி வகுப்பு நடத்தியவன்தான். முதல் நியமனத்தில் தரம் 3 கிடைத்தது. கதையை நிறுத்திக் கேட்பேன், சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு டொபி. இரண்டு வாரத்தில் பார்த்தால் டொபியெல்லாம் அதே நான்கு பேருக்குப் போயிருந்தது. நான்கு பேரும் முதல் நாள் இரவே வீட்டில் பாடத்தை வாசித்து முடித்துவிட்டு வருகிறவர்கள். அதற்குப் பெயர் ஒப்புவித்தல். அந்த நாட்களில் ஒரு கதை. ஒரு கிழவி காலையில் எழுந்து வாசலைக் கூட்டி இரண்டு பாய் விரிக்கிறாள். அங்கே நிறுத்தினேன். ஒருபோதும் வாய் திறக்காத ஒரு சிறுமி கையைத் தூக்கி, "யாரோ வரப்போறாங்க சேர்" என்றாள். கதையில் யாரும் வரவில்லை, கிழவி நெல் காயப்போட்டாள். "பிழை" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைப் பார்த்தேன். அவள் அந்த வருடம் முழுக்க மறுபடி கை தூக்கவில்லை.

அவள் பாயைக் கவனித்திருந்தாள். இரண்டு பாய் என்று எண்ணியும் இருந்தாள். தனியாக இருக்கிற கிழவிக்கு இரண்டு பாய் எதற்கு? டொபி வாங்கிய நான்கு பேரில் ஒருவரும் பாயைப் பார்க்கவில்லை. அந்த வகுப்பில் அன்று வாசித்தது அவள் ஒருத்திதான், அவளுக்குத்தான் நான் பிழை போட்டேன்.

அதனால் ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஊகம் பலித்ததா இல்லையா என்பதற்கு வகுப்பில் ஒரு விலையும் வைக்காதீர்கள். புள்ளி வேண்டாம், கைதட்டல் வேண்டாம், "வெரி குட்" கூட வேண்டாம். கேட்க வேண்டியவை இரண்டு. "எதைக் கொண்டு சொல்றாய்?" என்பது முதல் கேள்வி. கதை இன்னும் கொஞ்சம் நகர்ந்த பிறகு, "இப்பவும் அதேதானா?" என்பது இரண்டாவது. முதல் கேள்வியைச் சில ஆசிரியர்களாவது கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்கிறவர்களை நான் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். தோட்டத்துக் கடையில் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்குவது மாதிரிதான் ஊகம். எழுதிவிட்டு வந்தால் முடிந்ததா? சம்பள நாளில் கொப்பியைத் திறந்து கணக்குப் பார்க்க வேண்டாமா?

இது நான் கண்டுபிடித்த சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ரஸல் ஸ்டோஃபர் 1969இலேயே இந்த முறையை வகுத்துக் கொடுத்தார். ஊகி, வாசி, நிரூபி. அந்த மூன்றாவது சொல்லில்தான் அவருடைய உயிர் இருந்தது. பிள்ளை புத்தகத்துக்குத் திரும்பிப் போய் வரியைத் தொட்டுக் காட்ட வேண்டும். 1984இல் பாலின்க்ஸாரும் பிரவுணும், வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகளுக்கு நான்கு பழக்கங்களைக் கற்பித்தார்கள்: சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, விளங்காததைத் தெளிவாக்குவது, அடுத்ததை ஊகிப்பது. ஆசிரியர் செய்து காட்டிவிட்டு மெல்லமெல்ல விலக, பிள்ளைகளே முறைவைத்து ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஜேன் ஹான்ஸன் 1981இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்தது. கதைக்குள் போகுமுன், கதையில் வருகிற மாதிரி ஒன்று உனக்கு நடந்திருக்கிறதா, அப்போது நீ என்ன செய்தாய் என்று பேசவைத்தார். பிறகுதான் கதையில் என்ன நடக்கும் என்று கேட்டார். பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் புத்தகத்தின் கதவைத் தட்டுவது. தப்புச் சத்தத்தை அறிந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, எங்கே நிறுத்துவது? சிங்கள அயலவர்களிடமிருந்து நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த மகாதெனமுத்தா கதையை எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் தெரிந்த மகா மேதாவி, பின்னால் ஐந்து சீடர்கள். ஒரு வீட்டில் ஆட்டின் தலை பானைக்குள் மாட்டிக்கொண்டது. மேதாவிக்கு ஆள் போகிறது.

இங்கே நிறுத்திப் பாருங்கள். முப்பது பிள்ளைகளில் இருபத்தைந்து பேர் "பானைய உடைச்சிருவாங்க" என்பார்கள். எதைக் கொண்டு? தங்கள் புத்தியைக் கொண்டு. கதையில் இன்னும் மேதாவி வரவேயில்லை, அவன் எப்படிப்பட்டவன் என்று அவர்களுக்குத் தெரியாது. இந்த ஊகத்தில் பிழையில்லை, ஆனால் இதற்குக் கதை தேவையில்லை.

மேதாவி யானை மேல் வருகிறார். வாசலுக்குள் யானை நுழையவில்லை. மறுபடி நிறுத்துங்கள். "எறங்கி நடந்து வருவாரு" என்பார்கள். அவர் மதிலை இடிக்கச் சொல்கிறார். வகுப்பு சிரிக்கும். இப்போது மூன்றாவது முறை நிறுத்துங்கள். ஆடும் பானையும் எதிரே இருக்கின்றன, மதிலை இடித்த மனிதர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "பானைய உடைச்சிருவாங்க என்று சொன்னீங்களே, இப்பவும் அதேதானா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு வருகிற அமைதிக்காகவே நான் முப்பது வருடம் ஆசிரியத் தொழில் செய்தேன் என்று சொல்லலாம். ஒரு பிள்ளை மெதுவாக, "இல்ல சேர்... இவரு வேற ஏதாச்சும் செய்வாரு" என்று சொல்லும். என்ன செய்வார் என்று அதற்குத் தெரியாது. ஆனால் தன் புத்தியை ஓரமாக வைத்துவிட்டு மகாதெனமுத்தாவின் புத்திக்குள் போய்விட்டது. இறங்கினால் தீர்கிற காரியத்துக்கு மதிலை இடித்தவன், பானையை உடைத்தால் தீர்கிற காரியத்துக்கு எதை வெட்டுவான்? ஆட்டின் கழுத்தை வெட்டச் சொல்கிறார். தலை பானைக்குள்ளேயே கிடக்கிறது. கடைசியில் அதை எடுக்கப் பானையையும் உடைக்கச் சொல்கிறார். முதலில் பானை என்று சொன்ன இருபத்தைந்து பேரும், "நாங்க அப்பவே சொன்னோம்!" என்று குதிப்பார்கள். சொன்னார்கள்தான். பானை உடைந்ததும் உண்மை. ஊகம் பலிப்பதற்கு மட்டும் புள்ளி போடுகிற ஆசிரியர் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு இன்னொரு கதை. சிபில் வெத்தசிங்கவின் குட ஹொரா, குடைத் திருடன், 1956இல் வந்த படக்கதை. குடையையே பார்த்திராத கிராமத்துக்காரர் ஒருவர் பட்டணத்துக்குப் போய்க் குடை வாங்கி வருகிறார். வழியில் கடையில் கோப்பி குடிக்க நிற்கிறார், குடை காணாமல் போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடி போகிறது. மூன்றாம் முறைக்குள் எந்தச் சின்னப் பிள்ளையும் "இதுவும் போகப்போகுது" என்று சொல்லிவிடும். திரும்பத் திரும்ப வருவதைப் பிடித்துக்கொள்வதுதான் ஊகத்தின் முதல் படி, மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கதைகளைத்தான் கொடுக்க வேண்டும். பிறகு அந்த மனிதர் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அந்த ஒற்றை வரியில் கதையின் திசை மாறிவிடுகிறது. வேகமாக வாசிக்கிற பெரியவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கேதான் கையை வைக்க வேண்டும். கடதாசி எதற்கு? திருடன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

அதே சிபில் வெத்தசிங்க 2020இல், தாம் மறைந்த ஆண்டில், இன்னொரு வேடிக்கை செய்தார். வொண்டர் கிறிஸ்டல் என்ற கதையை எழுதி முடிவைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். நாடெங்குமிருந்து பிள்ளைகள் முடிவுகளை எழுதி அனுப்பினார்கள். தேர்ந்தெடுத்த 1,250 முடிவுகளோடு அது கின்னஸ் பதிவில் ஏறியது. தொண்ணூறைத் தாண்டிய ஒரு பெண்மணி பக்கத்தின் மேல் கையை வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்று ஒரு தேசத்தையே கேட்டிருக்கிறார். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவைக் கற்பனை செய்து எழுதுவதும், வரப்போகிற முடிவை ஊகிப்பதும் ஒரே பயிற்சி ஆகாது. கற்பனையில் பிள்ளைக்குப் பறக்கும் சுதந்திரம் உண்டு. ஊகத்தில் அது கதையின் கயிற்றில் கட்டுப்பட்டிருக்கிறது. குடைத் திருடன் செவ்வாய்க் கிரகத்துக்காரன் என்று ஒரு பிள்ளை சொன்னால் எழுதுகிற வகுப்பில் பாராட்டுங்கள், வாசிக்கிற வகுப்பில் "எந்த வரியில இருக்கு?" என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. கென்னத் குட்மன் 1967இல் வாசிப்பை உளமொழியியல் ஊக விளையாட்டு என்று வர்ணித்தார். அந்த வர்ணனை உலகமெங்கும் போய், சொல்லைக்கூடப் படத்தைப் பார்த்து, முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம் என்ற பழக்கமாகப் பல வகுப்பறைகளில் இறங்கிவிட்டது. பின்னால் கீத் ஸ்டனோவிச் போன்றவர்கள் நிலைமை தலைகீழ் என்று காட்டினார்கள். சொல்லை ஊகித்துத் தடவுகிறவர்கள் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள். நல்ல வாசகர்கள் சொல்லைப் பார்த்ததும் படித்துவிடுவதால், மிச்சமுள்ள மூளையைக் கதைக்குச் செலவழிக்கிறார்கள்.

நம் மொழியில் இது இன்னும் தெளிவு. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே பெரிய ஒளிவுமறைவு கிடையாது, எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும். படத்தில் பொட்டுப் பொட்டாக ஒரு மிருகம் இருக்கிறது, எழுதியிருப்பது சிறுத்தை, பிள்ளை "புலி" என்று வாசிக்கிறது. மலைநாட்டில் நாம் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்கிறோம், ஆகவே கதை கெடவில்லை. ஆனால் பிள்ளை அந்தச் சொல்லை வாசிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாளைக்கு "வந்தாள்" என்பதை "வந்தான்" என்று ஊகித்தால் கதையில் ஆளே மாறிவிடுவார். மலை, மழை என்ற ஓர் எழுத்தில் வெயில் போய் வெள்ளம் வந்துவிடும். சொல்லை வாசி, கதையை ஊகி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் போய் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பது, கை பிடித்து நடக்கிற பிள்ளையை ஓட்டப் பந்தயத்தில் விடுவதற்குச் சமம். அந்தப் பிள்ளைக்கு டீச்சர் செய்தது மாதிரி நாமே வாசித்துக் காட்டி, காதால் ஊகிக்கப் பழக்கலாம். எழுத்து பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

வாக்கியத்துக்குள்ளேயே நம் மொழி ஊகத்துக்கு இடம் வைத்திருக்கிறது. நாங்கள் இலக்கண வகுப்பில் பெயரெச்சம், வினையெச்சம் என்று மனனம் செய்து பரீட்சை எழுதி மறந்தோம். எச்சம் என்றால் மிச்சம். "ஓடிவந்த" என்று சொன்னால் யார் என்று காது காத்திருக்கிறது. "ஓடிவந்து" என்றால் என்ன செய்தான் என்று காத்திருக்கிறது. ஒரு சொல் இன்னொரு சொல்லை அவாவி நிற்பதை உரையாசிரியர்கள் அவாய்நிலை என்றார்கள். எவ்வளவு அழகான பெயர் பாருங்கள், சொல்லுக்கு ஆசை இருக்கிறது! அந்த ஆசையைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கரும்பலகையில் "மழை பெய்தும்" என்று மட்டும் எழுதுங்கள். அடுத்தது என்ன? "மழை பெய்து" என்றால் பிள்ளை "ஆறு பெருகியது" என்று சொல்லும். அந்த ஓர் உம்மையைச் சேர்த்ததும் "குளம் நிறையல", "அப்பா குடை கொண்டு போகல" என்று ஏமாற்றமாக வரத் தொடங்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு உம் என்ற சின்ன இடைச்சொல்லின் குணம் தெரிந்துதான் இருக்கிறது, தெரியும் என்பதுதான் தெரியாது.

கதைகளில் வருகிற "ஒரு நாள்" என்பதும் இதே சாதி. "ஒரு ஊரில் ஒரு விறகுவெட்டி இருந்தான், தினமும் காட்டுக்குப் போவான்" என்று கதை சோம்பலாக நடந்துகொண்டிருக்கும். "ஒரு நாள்" என்று வந்ததும் அன்றைக்கு ஏதோ ஆகப்போகிறது. இதைக் கவனித்த ஒரு பையன் என்னிடம், "சேர், கதையில ஒரு நாளுக்கு முன்னாடி வர்றதெல்லாம் சும்மா" என்றான். சும்மா இல்லையடா, அங்கேதான் தடயம் எல்லாம் கிடக்கிறது என்று அவனுக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு தவணை பிடித்தது.

"பிள்ளைகள் பாடப் புத்தகத்தை ஜனவரியிலேயே வாசித்து முடித்துவிடுகிறார்கள், கதை தெரிந்த வகுப்பில் எதை ஊகிக்கவைப்பது?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுக்கிற புத்தகம், பல வீடுகளில் அது ஒன்றுதான் புத்தகம். வாசிக்காமல் என்ன செய்யும்?

பதிலை நான் காமன் கூத்தில் கண்டேன். மாசி மாதத்தில் கம்பம் நட்டதிலிருந்து சிவன் காமனை எரிக்கப்போகிறார் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். போன வருடமும் எரித்தார், அதற்கு முந்திய வருடமும் எரித்தார். ஆனாலும் ரதி போகாதே என்று தடுக்கும் இடத்தில் என் அப்பாயி ஒவ்வொரு வருடமும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒருமுறை நான், "அதான் எரியப் போறார்னு தெரியுமே, ஏன் அழுற?" என்று கேட்டேன். "தெரிஞ்சதுனாலதான்டா அழுகுறேன். அவளுக்கு இன்னும் தெரியாதே" என்றார். முடிவு தெரிந்தவருக்குத்தான் தடயங்கள் எல்லாம் கண்ணில் படுகின்றன. ஆகவே தெரிந்த கதையில் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "இப்படித்தான் முடியப்போகுது என்று கதை முதல்ல எங்க காட்டிக்கொடுத்தது?" நம் பிள்ளைகள் தலைமுறையாகப் பாடிவரும் பவளக்கொடிப் பாட்டில், பால் விற்கப்போகிறவள் கற்பனையில் கோட்டை கட்டிக்கொண்டே போகிறாள், கடைசியில் பால் கொட்டுகிறது. கொட்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தலையில் குடத்தை வைத்த வரியிலேயே தெரிய முடியுமா, அவள் தலையை ஆட்டத் தொடங்குகிற இடத்திலா? தரம் 4 பிள்ளைகள் இதைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்கச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம்.

தரம் 5 புலமைப்பரிசில் பற்றிப் பேசாமல் போனால் பெற்றோர் என்னை விடமாட்டீர்கள். இந்தப் பயிற்சியால் புள்ளி கூடுமா என்று கேட்பீர்கள். பந்தியைக் கொடுத்து, கீழே ஒரு விடை மட்டும் சரி என்று வைக்கிற வினாத்தாளுக்கு இது நேரடியாக உதவும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தரம் 3இலேயே பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்புகிற வீட்டில், "எனக்கு இன்னும் தெரியாது, கொஞ்சம் வாசிச்சிட்டுச் சொல்றேன்" என்கிற பிள்ளைக்கு மதிப்பில்லை. ஊகிக்கிற பிள்ளை முதலில் பழக வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் நாம் புத்தகங்களை மேசையில் அடுக்கி, ரிப்பன் வெட்டி, தொடாதே என்று எழுதி வைக்கிறோம். அந்த மேசையிலிருந்து ஒன்றை எடுத்து, நடுவில் கையை வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் புத்தகம் போதாதென்றால் கண்டி டி.எஸ். சேனாநாயக்க நினைவு நூலகம் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார். முதலையிடம் திரும்பிப் போய் முடிக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திங்கட்கிழமை வந்தது. பக்கத்து வாங்கு காலியாக இருந்தது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்புவதென்று எண்ணி வைத்த 5,25,000 பேரில் அவன் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். பயணம் நெருங்கிவிட்டது என்று லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டதுதான். தகரப்பெட்டிக்குப் பூட்டு வாங்கியதை நானே பார்த்தேன். அவனுடைய அம்மா கோழிகளை எங்கள் வீட்டில் கொண்டு வந்து விட்டதையும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரண்டு மைல் தூரம் முதலையைப் பற்றிச் சண்டை போட்டோமே தவிர, அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்டியில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்திருப்பார்கள்.

டீச்சர் வந்து காலி வாங்கைப் பார்த்தார். புத்தகத்தைத் திறந்தார். ஈரலை மரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று குரங்கு சொன்னதும் முதலை கரையை நோக்கித் திரும்பியது என்று வாசித்தார்.

"அவன் சொன்னான் டீச்சர், முதலை திரும்பும்னு சொன்னான்" என்று நான் எழுந்து நின்று கத்தினேன்.

"எதைக் கொண்டு சொன்னான்?" என்று கேட்டார் டீச்சர்.

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து, முதலை நடு ஆற்றில் உண்மையைச் சொல்கிற இடத்திலிருந்து, இன்னும் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.